நீர்க்கடுப்பு கல்ச்சர்: கிருமியின் பெயர் எங்கே தாமதமாகிறது, எங்கே தப்பாகிறது

நீர்க்கடுப்பு என்று வருகிறவருக்கு மருத்துவர் பெரும்பாலும் அன்றைக்கே ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துவிடுகிறார். எரிச்சலோடு உட்கார்ந்திருப்பவரை மூன்று நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது. அந்த மருந்து சரியா என்பது, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து (இதுதான் கல்ச்சர்) லேபிலிருந்து போகும் இரண்டு வரியில்தான் தெரியவரும்: என்ன கிருமி, எதற்கு அடங்கும். இரண்டாவது வரிக்கு மூன்றாம் நாள் ஆகும். முதல் வரி மறுநாள் காலையே போய்விடலாம். இதற்குக் கிருமியின் பெயர் சொல்லும் மால்டி டாஃப் மாதிரி பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் குலசேகரத்திலும் இருக்கிற சிறு லேபில் ஒரு மைக்ரோஸ்கோப், நல்ல பிளேட், நான்கைந்து ரீஏஜெண்ட் இருந்தால் போதும்.

ஒழுங்காக நடந்தால் கதை இப்படிப் போகும். முதல் நாள் சாம்பிள் வந்தவுடன் ஸ்ட்ரிப் (சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை), கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), கிருமியை வளர்க்கும் அகார் பிளேட்டில் தேய்ப்பு. மறுநாள் காலை பிளேட்டில் கிருமி புள்ளியாக வளர்ந்து நிற்கும் காலனியைப் பார்த்து, ஆக்சிடேஸ், ஸ்பாட் இண்டோல், கேட்டலேஸ், பி.ஒய்.ஆர். என்று தேவையான சிறு சோதனையைப் போட்டால் கால் மணி நேரத்தில் பெயர் வந்துவிடும். வராதபோது என்ன பார்ப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. உங்கள் மேசையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பெயர் தப்பாகப் போகும் கேஸ்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது அங்கேதான்.

பிளேட்டில் மூன்று நான்கு விதமான காலனி

மூன்று வகையோ அதற்கு மேலோ, எதுவும் தூக்கலாக இல்லாமல் வளர்ந்திருந்தால், அது பெரும்பாலும் தோலிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் இருக்கிற கிருமிகள். அந்தப் பிளேட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடாதீர்கள். 'கலப்பு வளர்ச்சி, மறு சாம்பிள் தேவை' என்று அன்று காலையே சொல்லிவிடுவதுதான் வேகம். நோயாளிக்கு ஒரு நாள் மிச்சம்.

அடுத்த கேள்வி, ஏன் கலந்தது. இரண்டு காரணம். ஒன்று, பிடித்த விதம். இன்னொன்று, வந்து சேர்ந்த நேரம்.

பிடித்த விதத்துக்குக் கவுண்டரில் சொல்கிற இரண்டு வாக்கியம்தான் மருந்து. டப்பாவைக் கையில் கொடுத்து "மிட் ஸ்ட்ரீம் பிடிச்சிட்டு வாங்க" என்றால் யாருக்கும் புரியாது. "அக்கா, முதல்ல தண்ணி ஊத்தி நல்லா கழுவிக்கோங்க. முதல்ல வர்றதை விட்டுருங்க, நடுவுல வர்றதை மட்டும் பிடிங்க, டப்பாவோட உள்பக்கம் கை படக்கூடாது" என்று சொன்னால் புரியும். சோப்போ டெட்டாலோ போட்டுக் கழுவிவிட்டு அது சாம்பிளோடு கலந்துவிட்டால் நேர்மாறான தொல்லை: இருக்கிற கிருமியும் வளராது. கழுவும்போது முன்னிருந்து பின்னாகத்தான் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். கவுண்டரில் பெண் ஊழியர் ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சு எளிதாகிவிடும்.

வந்து சேர்ந்த நேரம் நம் மாவட்டத்தில் தனிக் கவனம் கேட்கிற விஷயம். அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து, 'காலைல முதல்ல போறதைப் பிடிக்கச் சொன்னாங்க' என்று டப்பாவில் பிடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். பால் வெட்டி, எடுத்து, ஷீட் அடித்து முடித்துவிட்டு அவர் பஸ் ஏறும்போது வெயில் ஏறியிருக்கும். சிறுநீரில் கிருமி நன்றாகவே பெருகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு மில்லிக்கு 1,000 இருந்தது மூன்றரை மணி நேரத்தில் 1,28,000 ஆகிவிடும். தொற்றே இல்லாதவருக்குத் தொற்று என்று ரிப்போர்ட் போய்விடும்.

அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் பிளேட்டில் ஏற வேண்டும், இல்லையென்றால் 4 டிகிரி ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குப் போரிக் ஆசிட் போட்ட கண்டெய்னர் கொடுக்கலாம். அதில் குறித்திருக்கும் கோடு வரை நிரப்பச் சொல்லுங்கள். பாதிதான் நிரப்பினால் போரிக் ஆசிட்டின் அடர்த்தி கூடிக் கிருமியையே கொன்றுவிடும். என் கருத்தைக் கேட்டால், அந்தத் தோட்டத் தொழிலாளியிடம் 'இங்கே லேபுக்கு வந்தே பிடித்துக் கொடுங்கள், முதல் சிறுநீராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று நான்கு மணி நேரம் போகாமல் இருந்தால் போதும்' என்று சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

சாம்பிள் டப்பாவில் பிடித்த நேரத்தை எழுதும் பழக்கம் பல இடங்களில் இல்லை. வந்த நேரம் மட்டும் இருக்கும். பிடித்த நேரம் இல்லாத கல்ச்சருக்கு எண்ணிக்கை சொல்வதில் பொருளே இல்லை. இதை ஒரு சட்டமாகவே வையுங்கள்.

கதீட்டர் போட்டவர் என்றால், குழாயைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் செய்து, சாம்பிள் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, சிரிஞ்சால் எடுக்க வேண்டும். பையிலிருந்து திறந்து ஊற்றியது வேண்டாம். கதீட்டர் நுனியை வெட்டி அனுப்பினால் வாங்கவே வாங்காதீர்கள். அதில் வளர்வது சிறுநீர்ப்பையின் கதையைச் சொல்லாது.

சீழ் செல் நிறைய இருக்கிறது, ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் நெகட்டிவ்

இது ஸ்ட்ரிப்பின் குற்றம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சிறுநீரில் இருக்கிற நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றினால்தான் அந்தக் கட்டம் சிவக்கும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் எல்லாம் மாற்றும். என்டரோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ், கேண்டிடா மாற்றாது. சூடோமோனாஸும் பெரும்பாலும் காட்டாது. ஆக, சீழ் செல் இருந்து நைட்ரைட் இல்லை என்றால், அதுவே ஒரு துப்பு: கிராம் பாசிட்டிவ் கிருமியோ (ஸ்டெயினில் ஊதாவாகத் தெரிவது) ஈஸ்ட்டோ இருக்கலாம், கிராம் ஸ்டெயினை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

நேரமும் வேண்டும். சிறுநீர் பையில் நான்கு மணி நேரமாவது தங்கினால்தான் மாற்றம் நடக்கும். முந்திரி ஆலையில் மதியம் வரை ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணின் சாம்பிளில் நைட்ரைட் நன்றாகக் காட்டும். எரிச்சலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறவரின் சாம்பிளில் அதே ஈ.கோலை இருந்தாலும் காட்டாது. வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் நெகட்டிவ் வரும்.

நேர்மாறாக, வருகிற சாம்பிளெல்லாம் நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் ஸ்ட்ரிப் பாட்டிலைப் பாருங்கள். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் நம்முடையது. மூடியைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் காற்றின் ஈரம் கட்டத்தைக் கெடுத்துவிடும். புது ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், சிவந்தால் பாட்டிலோடு தூக்கிப் போடுங்கள். எரிச்சலுக்குக் கொடுக்கிற பைரிடியம் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அந்த நிறத்தையும் பாசிட்டிவ் என்று படித்துவிட வாய்ப்பு உண்டு.

லூக்கோசைட் கட்டம் மட்டும் ஏமாற்றுகிறதா? சர்க்கரை நோயாளியா என்று கேளுங்கள். சிறுநீரில் குளுக்கோஸ் மிக அதிகமாக இருந்தால் அந்தக் கட்டம் மங்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புது மாத்திரைகள் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் ஸ்ட்ரிப்பை நம்பாமல் மைக்ரோஸ்கோப்பில் சீழ் செல்லைப் பார்ப்பதே நல்லது.

கிராம் ஸ்டெயினில் கிருமி இருக்கிறது, பிளேட் சுத்தமாக இருக்கிறது

முதலில், கிராம் ஸ்டெயினைச் சரியாகத்தான் போட்டோமா என்பது. சென்ட்ரிஃபியூஜ் பண்ணாத சிறுநீரை நன்றாகக் கலக்கி, 10 மைக்ரோலிட்டர் எடுத்து ஸ்லைடில் விட்டு, பரப்பாமல் காய விடுங்கள். ஆயில் இம்மர்ஷனில் ஒரு வட்டத்துக்குச் சராசரியாக ஒரு கிருமியாவது தெரிந்தால் மில்லிக்கு 1,00,000 என்ற அளவில் இருக்கிறது என்று பொருள். சாம்பிள் வந்த அரை மணி நேரத்தில் கிடைக்கிற தகவல் இது, செலவு ஒன்றுமே இல்லை. இதை விட்டுவிட்டு நேரே கல்ச்சருக்குப் போகிற லேபுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சென்ட்ரிஃபியூஜ் பண்ணிய படிவில் ஸ்டெயின் போட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய சாஃப்ரனின், கிரிஸ்டல் வயலட் பாட்டிலுக்குள்ளும் கழுவுகிற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு வெறும் ஸ்லைடை ஸ்டெயின் பண்ணிப் பாருங்கள். அதிலும் கம்பி கம்பியாகத் தெரிந்தால் குற்றவாளி பாட்டில்தான்.

ஸ்டெயின் சரி, கிருமி உண்மை என்றால், அடுத்துக் கேட்க வேண்டியது: ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? மெடிக்கல் ஸ்டோரில் சொல்லி வாங்கிய இரண்டு மாத்திரை போதும், பிளேட் வெறுமையாகிவிடும். "மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா?" என்றால் "இல்லை" என்பார்கள். "நேத்து கடையில ஏதாவது வாங்கிப் போட்டீங்களா?" என்று கேட்டால்தான் பதில் வரும்.

அப்புறம், எந்தப் பிளேட்டில் போட்டீர்கள்? மெக்கான்கி அகார் மட்டும் போட்டிருந்தால் அதிலுள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளை அடக்கிவிடும். மெக்கான்கியோடு ரத்த அகாரும், இல்லையென்றால் சி.எல்.இ.டி. என்ற அகாரும் வேண்டும். ரத்த அகார் என்றால் ஆட்டு ரத்தம். காலாவதியான பிளட் பேங்க் ரத்தத்தை ஊற்றிப் பிளேட் செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் நோயெதிர்ப்புப் பொருளும் இருக்கும், கொடுத்தவர் சாப்பிட்ட மருந்தும் இருக்கலாம், உங்களுக்கே தொற்றும் அபாயமும் உண்டு.

சுட்ட லூப் (சாம்பிள் எடுக்கும் கம்பி வளையம்) ஆறாமல் சாம்பிளில் முக்கினாலும் கிருமி செத்துப்போகும். சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் காலை நெரிசலில் நடக்கிறது.

இதற்கு நெருங்கிய இன்னொரு நிலை, சீழ் செல் நிறைய, ஆனால் ஸ்டெயினிலும் ஒன்றுமில்லை, பிளேட்டிலும் ஒன்றுமில்லை. இது திரும்பத் திரும்ப வந்தால் 'வளர்ச்சி இல்லை' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் காசநோய், கிளமிடியா போன்றவை சாதாரண பிளேட்டில் வளராது. மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காசநோய்க்கு அடுத்தடுத்து மூன்று நாள் அதிகாலைச் சிறுநீரை முழுவதுமாக வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை நோயாளியோடு ஒட்டவில்லை

மில்லிக்கு 1,00,000 கிருமி இருந்தால் தொற்று என்ற அளவுகோல் 1950களில் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. நல்ல அளவுகோல், ஆனால் எல்லோருக்கும் ஒரே சட்டை அல்ல. எரிச்சலோடு வந்த இளம்பெண்ணுக்கு 1,000 ஈ.கோலையும் அர்த்தமுள்ளதே. அதைச் 'சிறு எண்ணிக்கை' என்று ஒதுக்கிவிட்டால் அவர் மறுபடியும் வருவார்.

லூப்பைப் பாருங்கள். 1 மைக்ரோலிட்டர் லூப் என்றால் ஒரு காலனி 1,000. 10 மைக்ரோலிட்டர் லூப் என்றால் ஒரு காலனி 100. இரண்டும் ஒரே ஸ்டாண்டில் கிடந்தால் எண்ணிக்கை பத்து மடங்கு பிசகும். நிக்ரோம் கம்பி சுடச்சுட வளைந்துபோகும், வளையம் ஒருபக்கம் சப்பினாலும் அளவு மாறும். லூப்பைச் செங்குத்தாகப் பிடித்து மேல்பரப்புக்குச் சற்றே கீழே மட்டும் தொட்டு எடுங்கள். ஆழமாக முக்கினால் கம்பியில் ஒட்டியதும் சேர்ந்து வரும்.

பிளேட் முழுவதும் அலை அலையாகப் பரவிக் கிடக்கிறது

புரோட்டியஸ். இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரத்த அகாரில் வட்ட வட்டமாகப் படர்ந்து மற்றக் காலனிகளையும் மூடிவிடும். சி.எல்.இ.டி.யிலோ மெக்கான்கியிலோ படராது. அங்கே தனிக்காலனியாகக் கிடைக்கும், லாக்டோஸை நொதிக்காது. யூரியா அகாரில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடர் பிங்க் ஆகிவிடும். கிளெப்சியெல்லாவும் யூரியேஸ் பாசிட்டிவ்தான், ஆனால் அது மெதுவாக, ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும். ஸ்பாட் இண்டோல் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் புரோட்டியஸ் மிராபிலிஸ், பாசிட்டிவ் என்றால் வல்காரிஸ். சிறுநீரைக் காரமாக்கிக் கல்லை உண்டாக்குகிற கிருமி இது. திரும்பத் திரும்ப ஒரே ஆளுக்கு வந்தால் ஸ்கேன் பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு ஒரு வார்த்தை போடுங்கள்.

படர்ந்ததன் அடியில் இரண்டாவது கிருமி ஒளிந்திருக்கலாம். மெக்கான்கி, சி.எல்.இ.டி. பிளேட்டைத் தவறாமல் பார்த்துவிட்டுத்தான் ஒற்றைக் கிருமி என்று எழுத வேண்டும்.

ஸ்பாட் இண்டோல் குழப்புகிறது

மறுநாள் காலையின் முக்கியமான சோதனை இதுதான்: கிருமி இண்டோல் என்ற பொருளை உண்டாக்குகிறதா என்று பார்ப்பது. வில்லையாக வெட்டிய ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு ரீஏஜெண்ட். டைமெத்தில் அமினோ சின்னமால்டிஹைடு கிடைத்தால் அதுதான் நல்லது. குச்சியின் நுனியால் காலனியைத் தொட்டு அந்த ஈரத்தில் தேய்க்கிறோம். ஈ.கோலை என்றால் அரை நிமிடத்துக்குள் தேய்த்த இடம் நீலமாகவோ நீலப்பச்சையாகவோ மாறத் தொடங்கும். மூன்று நிமிடம் வரை பார்க்கலாம். நிறமே மாறாமலோ லேசான பிங்காகவோ இருந்தால் நெகட்டிவ்.

எல்லாமே நெகட்டிவ் வருகிறது என்றால் எந்தப் பிளேட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். ரத்த அகாரிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெக்கான்கிக் காலனி ஏற்கெனவே பிங்க் நிறத்தோடு இருக்கும், லாக்டோஸ் நொதித்த அமிலமும் சேர்ந்து சோதனையைக் கெடுக்கும். எல்லாமே பாசிட்டிவ் என்றால் பிளேட் கலந்திருக்கிறது. இண்டோல் அகாருக்குள் பரவும், பக்கத்தில் இருக்கிற ஈ.கோலையின் இண்டோலை அப்பாவிக் காலனி உறிஞ்சிக்கொண்டு தானும் நீலம் காட்டும். தனியாகத் தள்ளி நிற்கிற காலனியை எடுங்கள். இல்லையென்றால் மறுபடி தேய்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இண்டோல் பார்க்கக் கோவாக்ஸ் ரீஏஜெண்டைக் குழாயில் போடுகிறவர்கள் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை நல்லது. பழுப்பேறிவிட்டால் வேண்டாம். பழுப்புப் பாட்டிலில், ஃபிரிட்ஜில். தினமும் ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 (தரச் சோதனைக்கென்று வைத்திருக்கும் கிருமி) ஒன்றைப் பாசிட்டிவுக்கும், கிளெப்சியெல்லா நிமோனியே ஒன்றை நெகட்டிவுக்கும் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

லாக்டோஸ் பாசிட்டிவ், இண்டோல் பாசிட்டிவ், ஆனால் காலனி சளி மாதிரி கொழகொழவென்று இருக்கிறதா? ஈ.கோலை என்று அவசரப்படாதீர்கள். கிளெப்சியெல்லா ஆக்சிடோகாவும் இண்டோல் பாசிட்டிவ்தான். மோட்டிலிட்டி போடுங்கள், கிளெப்சியெல்லா நகராது. சிட்ரேட்டும் சேர்த்துப் போட்டால் சந்தேகம் தீரும். அதேபோல லாக்டோஸை நொதிக்காத, இல்லை தாமதமாக நொதிக்கிற ஈ.கோலையும் உண்டு. வெளிறிய காலனி என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆக்சிடேஸ் நெகட்டிவ், இண்டோல் பாசிட்டிவ், ரத்த அகாரில் சுற்றிலும் தெளிவான ரத்தச் சிதைவு வளையம் என்று மூன்றும் சேர்ந்தால் ஈ.கோலை என்று தைரியமாக எழுதலாம்.

ஆக்சிடேஸ் எல்லாவற்றுக்கும் ஊதா

கையில் இருப்பது நிக்ரோம் லூப்பா? அதிலுள்ள இரும்பே ஊதாவைக் காட்டிவிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ எடுங்கள். கணக்கு 10 விநாடி. அதற்கு மேல் வருகிற ஊதாவைப் பார்க்கவே வேண்டாம், காற்று பட்டாலே ரீஏஜெண்ட் தானாக நிறம் மாறும். கரைசலை முந்தின நாள் கலக்கி வைத்திருந்தால் அது நீலம் பாரித்திருக்கும். அன்றன்றைக்குக் கலக்குவதோ டிஸ்க் வாங்கி இறுக்கி மூடி வைப்பதோதான் வழி. இங்கேயும் மெக்கான்கிக் காலனி வேண்டாம்.

உண்மையான பாசிட்டிவ் என்றால், பச்சை நிறமும் உலோகப் பளபளப்பும் கொண்ட காலனி சூடோமோனாஸ் ஏருஜினோசா. திராட்சை வாசனை என்று பாடத்தில் படித்திருப்போம். பிளேட்டை மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வயலும் குளமும் மழையும் நிறைந்த தென்னிந்தியாவில் மெலியாய்டோசிஸ் (மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும், மூச்சு வழியாகவும் தொற்றக்கூடிய நோய்) இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்குகிறது, சிறுநீரிலும் வரலாம். ஆக்சிடேஸ் பாசிட்டிவாக இருந்து, ஜென்டமைசினுக்கும் பாலிமிக்சினுக்கும் அடங்காமல், அமாக்ஸிகிளாவுக்கு அடங்குகிற ஒரு கம்பிக் கிருமியைப் பார்த்தால் மூடியை மூடி, டேப் ஒட்டி, பாதுகாப்பு வசதியுள்ள பெரிய லேபுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

குரோமோஜெனிக் பிளேட்டில் நிறம் பிடிபடவில்லை

கிருமிக்குக் கிருமி வேறு நிறம் காட்டும் பிளேட் இது. விலை கூடுதல்தான், ஆனால் சிறு லேபுக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை. கலப்புச் சாம்பிளைக் கண்ணாலேயே பிரித்துக் காட்டிவிடும். ஈ.கோலை பிங்க் அல்லது மெஜன்டா, கிளெப்சியெல்லா கூட்டம் உலோக நீலம், என்டரோகாக்கஸ் சின்னதாகப் பச்சை கலந்த நீலம், புரோட்டியஸ் பழுப்பு. கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும், டப்பாவோடு வரும் நிற அட்டையைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நிறம் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் நேரம் போதவில்லை. முந்தின நாள் மாலை தாமதமாக வைத்துவிட்டு விடிந்ததும் திறந்தால் காலனி வெளுப்பாகத்தான் இருக்கும். 18 மணி நேரமாவது விடுங்கள். பிளேட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் அடுக்கி வைத்திருந்தாலும் நிறப்பொருள் கெடும். கருப்புக் கவரில், ஃபிரிட்ஜில் வையுங்கள். நீலக் காலனியை நேரே 'கிளெப்சியெல்லா' என்று எழுதுவது இங்கே நடக்கிற வழக்கமான தப்பு. என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர், செரேஷியாவும் அந்த நிறக் கூட்டத்தில்தான் வரும். மோட்டிலிட்டி, இண்டோல் போட்டுத்தான் பெயர்.

பொடிக் காலனி, கிராம் பாசிட்டிவ் கோளம்

முதலில் கேட்டலேஸ், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில். காலனியோடு ரத்த அகாரைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், ரத்தச் செல்லே நுரைக்கும். நுரை இல்லை என்றால் பி.ஒய்.ஆர். ஓரிரு நிமிடத்தில் சிவந்தால் என்டரோகாக்கஸ். சிவக்காமல், ரத்த அகாரில் லேசான சிதைவு வளையம் இருந்தால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். கர்ப்பிணியின் சாம்பிள் என்றால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடியது.

நுரைத்தால் ஸ்டஃபிலோகாக்கஸ். கோயாகுலேஸ் நெகட்டிவ், இளம்பெண், எரிச்சல் என்றால் 5 மைக்ரோகிராம் நோவோபயோசின் டிஸ்க் (மருந்து ஏற்றிய பேப்பர் வில்லை) வையுங்கள். அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 16 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சாப்ரோஃபைட்டிகஸ். தோல் கிருமி என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாத ஒன்று இது. கோயாகுலேஸ் பாசிட்டிவாக, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸாக வந்தால் மருத்துவரிடம் பேசுங்கள், ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வழியாக இறங்கியிருக்கலாம்.

காலனி வெள்ளையாக, ஸ்டஃபிலோகாக்கஸ் மாதிரியே இருந்து குழப்பினால் ஒரு வெட் மவுண்ட் போதும். மொட்டு விடுகிற பெரிய செல் தெரிந்தால் ஈஸ்ட். சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து ஜெர்ம் டியூப் வந்தால் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ்.

கரண்ட் போய்விட்டது

ஒக்கி புயல் 2017இல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அது அடிக்கடி வராது, ஆனால் மழைக்காலத்தில் ராத்திரி சில மணி நேரம் போய் வருவது சாதாரணம். இன்குபேட்டருக்குள் ஒரு குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் வைத்துவிடுங்கள். காலையில் அது 28 டிகிரி வரை இறங்கியதாகக் காட்டினால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதாமல் மறுபடி 35 டிகிரியில் வைத்து அடுத்த நாள் பாருங்கள். டிஸ்க் வைத்த பிளேட் என்றால் தயங்காமல் மறுபடி போடுங்கள்.

பெயரும் டிஸ்க் முடிவும் சண்டை போடுகின்றன

மூன்றாம் நாள் வளையங்களை அளந்து முடித்ததும் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம். சில கிருமிகள் சில மருந்துக்குப் பிறவியிலேயே அடங்காதவை. கிளெப்சியெல்லா நிமோனியே ஆம்பிசிலினுக்கு அடங்காது. புரோட்டியஸ் மிராபிலிஸ் நைட்ரோஃபியூரண்டாயினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காது. என்டரோகாக்கஸ் செஃபலோஸ்போரின் எதற்கும் அடங்காது. இதற்கு மாறாக உங்கள் பிளேட் காட்டினால், பெயர் தப்பு, இல்லை கல்ச்சர் கலப்பு, இல்லை டிஸ்க் கோளாறு. மூன்றில் எது என்று தெரியும்வரை ரிப்போர்ட் போகக் கூடாது.

டிஸ்க்கைச் சோதிக்க ஏ.டி.சி.சி. 25922 இருக்கிறது. நைட்ரோஃபியூரண்டாயின் 300 மைக்ரோகிராம் டிஸ்க்குக்கு அது 20 முதல் 25 மி.மீ. காட்ட வேண்டும். எல்லா வளையமும் பெரிதாக வந்தால் கிருமிக் கலக்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவைவிடக் குறைவு, அல்லது டிஸ்க் வைக்கும் முல்லர் ஹிண்டன் அகார் 4 மி.மீ. ஆழத்துக்குக் குறைவாக ஊற்றப்பட்டிருக்கிறது. எல்லாம் சிறிதாக வந்தால் நேர்மாறு. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பிசகினால் அந்த டிஸ்க் வயல் ஈரம் பிடித்திருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே தண்ணீர் கோர்க்காது.

ஒரு நாள் மிச்சம் பிடிக்கச் சிறுநீரையே நேராக முல்லர் ஹிண்டனில் தேய்த்து டிஸ்க் வைக்கிறவர்கள் உண்டு. கிருமியின் அளவு தெரியாமல் வளையத்தை அளப்பது அது. ஐ.சி.யூ. நோயாளிக்காக மருத்துவர் கேட்டால், கிராம் ஸ்டெயினில் ஒரே வகைக் கிருமி நிறைய இருந்தால் மட்டும் போடுங்கள். முறைப்படியான டெஸ்டையும் கூடவே போட்டு, முன்னதைத் 'தற்காலிகம்' என்றே சொல்லுங்கள்.

காலையிலேயே பெயர் கிடைத்தது, மருந்து மாறவில்லை

இதுவும் லேபின் பிழைதான் என்று நினைக்கிறேன். பெயர் நோட்டில் எழுதப்பட்டு, மூன்றாம் நாள் டிஸ்க் முடிவோடு சேர்ந்து போவதற்காகக் காத்துக் கிடக்கும். நைட்ரோஃபியூரண்டாயின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் புரோட்டியஸ் என்று தெரிந்தும் ஒரு நாள் பேசாமல் இருப்பது அவருக்கு ஒரு நாள் வீண் மாத்திரை.

இடைக்கால ரிப்போர்ட் என்று ஒரு சின்ன அச்சுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி, குழந்தை, காய்ச்சலும் விலா வலியும் உள்ளவர், கதீட்டர் போட்டவர் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். "மேடம், நேத்து அனுப்பின யூரின் கல்ச்சர். மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல, ஒரே வகை, புரோட்டியஸ் மிராபிலிஸ். நைட்ரோஃபியூரண்டாயின் இதுக்கு வேலை செய்யாது. டிஸ்க் ரிசல்ட் நாளைக்கு வரும்." கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, யார் கேட்டார், எத்தனை மணிக்கு என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அடுத்த பிளேட்டை எடுங்கள்.